பழைய காமிக்ஸ் விலை ஏறுகிறதா, இறங்குகிறதா? நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்க ஒரு வழி

2024 ஏப்ரலில் ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழின் ஒரு பிரதி அமெரிக்காவில் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. 1938-ல் வெறும் 10 சென்டுக்கு விற்ற இதழ், சூப்பர்மேன் முதன்முதலில் தலைகாட்டியது அதில்தான். இப்படி ஒரு செய்தி வந்தாலே 'காமிக்ஸ் விலை எகிறிவிட்டது, இப்போதே வாங்கிப் போடு' என்று பேச்சு கிளம்பிவிடும். அதே சமயத்தில், 2021-ல் சூடாக ஓடிய இதழ்களை வாங்கி வைத்த எத்தனையோ பேர் போட்ட காசைக்கூட எடுக்க முடியாமல் விழித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டுமே உண்மைதான்.

காமிக்ஸ் விலை என்று மொத்தமாக ஒன்று கிடையாது. ஏறுவதும் இறங்குவதும் ஒரு குறிப்பிட்ட இதழ், அதுவும் ஒரு குறிப்பிட்ட கிரேடில், அதாவது அந்தப் பிரதி எவ்வளவு நல்ல நிலையில் இருக்கிறது என்று சொல்லும் எண்ணில். அதனால் விலைப் போக்கைப் பார்க்க உட்கார்ந்தால் நான் விடாமல் பிடித்துக்கொள்ளும் விதி ஒன்றுதான்: ஒரே இதழ், ஒரே கிரேடு, விற்று முடிந்த விலை. இந்த மூன்றில் ஒன்று பிசகினாலும் நீங்கள் பார்ப்பது விலைப் போக்கு இல்லை, இரண்டு வேறு பொருள்களின் விலை. கீழே இருப்பதெல்லாம் இந்த மூன்றையும் எப்படிச் சரியாகப் பிடிப்பது என்பதுதான்.

விற்ற விலையை எங்கே பார்ப்பது

ஈபேயில் ஒருவர் தன் இதழுக்கு 2,000 டாலர் போட்டு வைத்திருந்தால் அது அவருடைய ஆசை, அவ்வளவுதான். இரண்டு வருடமாக அதே விலையில் விற்காமல் கிடக்கும் இதழ்கள் ஏராளம். விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வடிகட்டியைப் போட்டுப் பாருங்கள். அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பேரம் பேசி முடித்த விற்பனையில் முதலில் போட்ட விலையின் மேல் கோடு அடித்துக் காட்டுவார்கள், எத்தனைக்கு முடிந்தது என்பதை அந்தப் பக்கத்தில் காட்ட மாட்டார்கள். கோடு அடித்த எண்ணை அப்படியே குறித்துக்கொண்டே போனால் உங்கள் கணக்கு எப்போதும் கொஞ்சம் தூக்கலாகவே நிற்கும். அவற்றைக் கழித்துவிடுங்கள். அப்புறம், ஈபேயின் இந்தப் பட்டியல் சுமார் மூன்று மாதத்துக்குத்தான் பின்னோக்கிப் போகும் என்பதால் கண்ணில் படுவதை அவ்வப்போது குறித்து வைப்பது நல்லது.

பழைய விலைகளுக்கு ஹெரிடேஜ் ஏல நிறுவனத்தின் காப்பகம் ஒரு பொக்கிஷம். கணக்கு தொடங்கினால் போதும், பல வருட ஏல விலைகளைப் பெரிய படங்களோடு பார்க்கலாம். காமிக்லிங்க், காமிக்கனெக்ட் இரண்டும் இதே துறையில் இருக்கும் மற்ற பெரிய ஏலக்காரர்கள். கிரேடு போட்ட பிரதிகளின் விற்பனையை மட்டும் திரட்டித் தருகிற ஜிபிஅனாலிசிஸ், கோகலெக்ட் மாதிரி தளங்களும் உண்டு. மாதம் ஒன்றிரண்டு இதழ் வாங்குகிறவருக்குச் சந்தா கட்டாமலேயே சமாளிக்க முடியும் என்பது என் கருத்து, ஆனால் ஒரே இதழில் ஆயிரக்கணக்கான டாலர் போடப்போகிறீர்கள் என்றால் ஒரு மாதச் சந்தாவாவது கட்டிப் பார்த்துவிடுங்கள்.

1970-லிருந்து வரும் ஓவர்ஸ்ட்ரீட் விலைக் கையேட்டை நிறையப் பேர் வேதவாக்காக வைத்திருக்கிறார்கள். எந்த இதழில் யார் முதலில் வந்தார், எது மறுபதிப்பு என்று தெரிந்துகொள்ள அருமையான புத்தகம். வருடத்துக்கு ஒருமுறை வருவதால் வேகமாக நகரும் விலையை அதில் பிடிக்க முடியாது. பத்து வருடம் இடைவெளி விட்டு இரண்டு பதிப்புகளை அருகருகே வைத்துப் பார்ப்பதுதான் அதன் நல்ல பயன்பாடு.

ஏல விலையில் இன்னொன்றைக் கவனியுங்கள். அறிவிக்கப்படும் தொகை பெரும்பாலும் வாங்குபவர் கட்டும் கட்டணத்தையும் சேர்த்தது. அது 20 சதவீதம் என்றால், 12,000 டாலர் என்று பதிவான விற்பனையில் ஏலம் முடிந்தது 10,000 டாலரில்தான். விற்றவர் கைக்கு அதிலும் குறைவாகப் போயிருக்கலாம். ஈபே விலையையும் ஏல விலையையும் ஒரே வரிசையில் எழுதும்போது இதை நினைவில் வைக்காவிட்டால் இல்லாத ஏற்றம் ஒன்று தெரியும்.

கிரேடு பிசகினால் எல்லாம் பிசகும்

2000-ல் சிஜிசி என்ற கிரேடு போடும் நிறுவனம் வந்த பிறகுதான் காமிக்ஸ் விலையை ஒழுங்காக ஒப்பிடவே முடிந்தது. அதற்கு முன் 'அருமையான நிலை' என்று விற்பவர் சொன்னால் வாங்குபவர் நம்ப வேண்டும், அல்லது சண்டை போட வேண்டும். சிஜிசி இதழைப் பார்த்து 0.5 முதல் 10 வரை ஒரு எண் கொடுத்து, கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து மூடிவிடுகிறது. சேகரிப்பாளர்கள் ஸ்லாப் என்பது அதைத்தான்.

எண்ணுக்கு எண் விலை சீராக ஏறாது. 6.0-லிருந்து 6.5-க்குப் போகும்போது விலை கொஞ்சம்தான் கூடும். 9.6-லிருந்து 9.8-க்குப் போகும்போது, அதாவது இதழின் முதுகு மடிப்பில் ஒரு மயிரிழைக் கோடு இருக்கிறதா இல்லையா என்கிற அளவு வித்தியாசத்துக்கு, விலை இரட்டிப்பாகக்கூடும். ஆகவே 'சுமார் 9' என்று தோராயமாக ஒப்பிடுவதற்கு இங்கே இடமில்லை.

ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழையே எடுத்துக்கொள்வோம். 2014-ல் ஒரு பிரதி சுமார் 32 லட்சம் டாலருக்குப் போனது. 2021-ல் இன்னொன்று 32.5 லட்சத்துக்குப் போனது. இந்த இரண்டை மட்டும் பார்த்தால் ஏழு வருடமாக விலை அசையவே இல்லை என்று தோன்றும். ஆனால் 2014-ல் விற்றது 9.0, 2021-ல் விற்றது 8.5. குறைந்த கிரேடு பிரதி அதிகக் கிரேடின் பழைய விலையை எட்டிவிட்டது என்பதுதான் அங்கே நடந்தது. அந்த 8.5 பிரதியை விற்றவர் 2018-ல் அதை 20 லட்சத்துக்குச் சற்று மேலே கொடுத்து வாங்கியிருந்தார். ஒரே பிரதி, மூன்று வருடம், பாதிக்கு மேல் ஏற்றம்: சுத்தமான ஒப்பீடு என்றால் இதுதான்.

சரி, 2024-ல் 60 லட்சத்துக்குப் போன பிரதியும் 8.5 தானே, அப்படியானால் மூன்றே வருடத்தில் 85 சதவீதம் ஏறிவிட்டதா? அங்கேயும் அவசரப்பட வேண்டாம். அந்தப் பிரதி கன்சாஸ் சிட்டி பெடிகிரி என்ற பழைய சேகரிப்பிலிருந்து வந்தது. பெடிகிரி என்றால், முதலில் சேர்த்தவரிடமிருந்து மொத்தமாக, புத்தம் புதிதுபோல் வெளிவந்து பெயர் வாங்கிய சேகரிப்பு. அதற்கென்று தனியாகக் கூடுதல் பணம் கொடுக்க ஆள் இருக்கிறார்கள். ஏற்றம் உண்மை, ஆனால் அதில் எவ்வளவு இதழுக்கு, எவ்வளவு பெடிகிரிக்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது. இப்படிப்பட்ட விற்பனையை நான் தனிப் பத்தியில்தான் எழுதுவேன்.

உறையின் மேல் இருக்கும் சீட்டின் நிறத்தையும் பாருங்கள். சாதாரணப் பிரதிக்கு நீலம். பின்னால் வண்ணம் பூசியது, கிழிசல் ஒட்டியது போன்ற ரிப்பேர் நடந்திருந்தால் ஊதா. ஏதாவது குறையை மட்டும் ஒதுக்கிவைத்து எண் கொடுத்திருந்தால் பச்சை. சிஜிசி சாட்சியின் முன்னிலையில் வாங்கிய கையெழுத்து இருந்தால் மஞ்சள். ஊதா 8.0-ஐயும் நீல 8.0-ஐயும் ஒரே எண் என்று சேர்த்து சராசரி எடுப்பது பெரிய தப்பு, ஊதா பெரும்பாலும் மிகக் குறைவாகவே போகும். பக்கங்கள் வெள்ளையாக இருக்கின்றனவா, பழுப்பேறியிருக்கின்றனவா என்பதும் அந்தச் சீட்டிலேயே இருக்கும். பழைய இதழ்களில் அதற்கும் விலை வித்தியாசம் உண்டு.

பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டிய இதழ் ஒன்று

இன்க்ரெடிபிள் ஹல்க் 181, நவம்பர் 1974 தேதியிட்டது, வுல்வரின் முழுசாக வரும் முதல் இதழ். முந்தைய 180-ன் கடைசிப் பக்கத்தில் எட்டிப் பார்த்துவிடுவார், ஆனாலும் சந்தை காசு கொடுப்பது 181-க்குத்தான். விலைப் போக்கைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இதழ் இல்லை என்பேன். நிறையப் பிரதிகள் இருக்கின்றன, அடிக்கடி விற்கின்றன, எல்லாக் கிரேடிலும் விலை கிடைக்கிறது.

ஆனால் ஸ்லாபில் இல்லாத பிரதியின் விலையை இதில் சேர்க்கும் முன் வாசகர் கடிதப் பக்கத்தைப் பார்த்தாக வேண்டும். அந்தக் காலத்து மார்வெல் இதழ்களில் கடிதப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்டாம்ப் அச்சிட்டிருப்பார்கள், அதை வெட்டித் தனி ஆல்பத்தில் ஒட்டிச் சேர்க்கச் சொல்லி. குழந்தைகளும் அதன்படியே கத்தரிக்கோலால் வெட்டிவிட்டார்கள். அதனால் அட்டை பளபளவென்று, மூலை நான்கும் கூர்மையாக இருக்கும் ஒரு பிரதியின் உள்ளே தபால்தலை அளவுக்கு ஒரு சதுர ஓட்டை இருக்கும். அந்த ஓட்டை ஒன்று போதும், கிரேடு தரைமட்டத்துக்கு வந்துவிடும், விலையும் கூடவே. வேறொரு பிரதியிலிருந்து ஸ்டாம்பை வெட்டி ஒட்டி வைக்கிறவர்களும் உண்டு என்பதால் அந்தப் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்து, சதுரத்தின் ஓரத்தில் வெட்டுக்கோடு தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். ஈபேயில் ஹல்க் 181 ஒன்று திடீரென்று பாதி விலைக்குப் போயிருந்தால் 'விலை விழுந்துவிட்டது' என்று எழுதும் முன் விவரக் குறிப்பில் ஸ்டாம்ப் பற்றி என்ன சொல்லியிருக்கிறது என்று படியுங்கள்.

இதேபோல 'ஒரே இதழ்' என்பதிலும் ஏமாற இடம் இருக்கிறது. 1980, 90-களின் மார்வெல் அட்டைகளில் கீழே ஒரு கட்டம் இருக்கும். பத்திரிகைக் கடைகளுக்குப் போனவற்றில் அங்கே பார்கோடு, காமிக்ஸ் கடைகளுக்கு நேராகப் போனவற்றில் பெரும்பாலும் ஸ்பைடர்மேன் தலை மாதிரி ஏதாவது படம். வருடங்கள் போகப்போக பத்திரிகைக் கடைப் பிரதிகள் குறைந்துகொண்டே வந்தன. அதனால் பிற்கால இதழ்களில் பார்கோடு பிரதிக்குத் தனி விலை. 1977-ன் ஸ்டார் வார்ஸ் முதல் இதழ் இன்னும் கொடுமை: அட்டையில் வழக்கமாக 30 சென்ட், சோதனைக்காகச் சில ஊர்களில் மட்டும் 35 சென்ட் போட்டு விற்றார்கள். அந்த 35 சென்ட் பிரதிக்கும் சாதாரணப் பிரதிக்கும் விலை வித்தியாசம் பல மடங்கு. போதாததற்கு 35 சென்ட் போட்ட மறுபதிப்புகளும் சுற்றுகின்றன, அவற்றுக்கு அந்த மதிப்பு கிடையாது.

எத்தனை பிரதி மிச்சம் இருக்கிறது

1991-ல் எக்ஸ்-மென் முதல் இதழ் 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் போனது. அடுத்த வருடம் சூப்பர்மேன் சாகும் 75-ம் இதழைக் கறுப்பு உறைக்குள் போட்டு விற்றார்கள், பல லட்சம் பேர் பிரிக்காமல் அப்படியே பத்திரப்படுத்தினார்கள். எல்லோரும் பத்திரப்படுத்திய பொருளுக்கு எப்படி விலை ஏறும்? முப்பது வருடத்துக்கு மேலாகியும் இரண்டும் மலிவாகத்தான் கிடைக்கின்றன. அப்படி ஊதிப் பெருத்த சந்தை 90-களின் நடுவில் வெடித்து, கடைகள் மூடி, மார்வெலே 1996 டிசம்பரில் திவால் மனு கொடுத்தது. எதிர்ப்பக்கம் பாருங்கள்: 1984-ன் டீனேஜ் மியூட்டன்ட் நின்ஜா டர்டில்ஸ் முதல் இதழின் முதல் அச்சு சுமார் 3,000 பிரதிதான், 2003-ன் வாக்கிங் டெட் முதல் இதழ் ஏழாயிரத்துச் சொச்சம். 1940-களின் இதழ்களைப் போர்க்காலத்தில் பழைய காகிதமாகத் திரட்டி அரைத்துவிட்டார்கள், மிச்சத்தைக் குழந்தைகள் கிழித்துவிட்டார்கள். அதனால்தான் அந்தக் காலத்து விலைகள் அப்படி நிற்கின்றன.

அச்சிட்ட எண்ணிக்கையைவிட நல்ல நிலையில் எத்தனை இருக்கின்றன என்பதுதான் முக்கியம். சிஜிசி தன் தளத்தில் எந்த இதழுக்கு எந்தக் கிரேடில் எத்தனை ஸ்லாப் போட்டிருக்கிறது என்ற கணக்கை இலவசமாகவே காட்டுகிறது. இன்றைய எண்ணைக் குறித்து வையுங்கள், ஆறு மாதம் கழித்து மறுபடி பாருங்கள். 9.8-ல் எண்ணிக்கை வேகமாகக் கூடிக்கொண்டே போனால், விலை இன்று ஏறிக்கொண்டிருந்தாலும் நான் அந்த இதழில் கை வைக்க மாட்டேன். இதழ் விலை ஏறியதும் எல்லோரும் தங்களிடம் இருப்பதை அழுத்தி நேராக்கி கிரேடுக்கு அனுப்புவார்கள், சில மாதத்தில் அவை மொத்தமாகச் சந்தைக்கு வரும். உறையை உடைத்து மறுபடி அனுப்பப்படும் பிரதிகள் இரண்டுமுறை எண்ணப்படுவதும் உண்டு, அதனால் எண்ணை அப்படியே நம்பாமல் போகும் திசையைப் பாருங்கள்.

படம் வருகிறது என்றால்

மார்வெல் படத்தில் ராபர்ட் டௌனி ஜூனியர் டாக்டர் டூமாக வருகிறார் என்று 2024 ஜூலையில் சான் டியேகோ காமிக்கானில் அறிவித்ததும், டூம் முதலில் வந்த 1962-ன் ஃபென்டாஸ்டிக் ஃபோர் 5-ம் இதழ் துள்ளிக் குதித்தது. இந்த மாதிரித் துள்ளலைத் தனியாகப் பிரித்துப் பார்க்க மூன்று தேதிகளைக் குறியுங்கள்: வதந்தி கிளம்பிய மாதம், அதிகாரபூர்வ அறிவிப்பு, திரைக்கு வந்த நாள். விலைப்புள்ளிகளை இந்த மூன்றுக்கும் நடுவே வைத்தால் பெரும்பாலும் ஒரே மாதிரிப் படம்தான் கிடைக்கும், அறிவிப்புக்கும் வெளியீட்டுக்கும் நடுவில் எங்கோ உச்சி, வெளியான பிறகு சரிவு. மூன் நைட் முதலில் வந்த 1975-ன் வேர்வுல்ஃப் பை நைட் 32-ம் இதழும், 1976-ன் எட்டர்னல்ஸ் முதல் இதழும் இப்படித்தான் ஏறி இறங்கின. படம் நன்றாக இருந்ததா என்பதற்கும் இதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை, செய்தியை நம்பி வாங்கியவர்கள் எல்லோரும் ஒரே வாரத்தில் விற்க வருகிறார்கள், அதுதான் காரணம்.

ஸ்பைடர்மேன், பேட்மேன் போன்றவர்களின் முதல் இதழ்களுக்குப் படம் இல்லாத வருடங்களிலும் வாங்க ஆள் இருக்கிறது. ஒரு இதழை மதிப்பிட நான் பார்ப்பது அதைத்தான், அந்தக் கதாபாத்திரத்தைப் பற்றி எந்தச் செய்தியும் இல்லாத ஒரு சாதாரண மாதத்தில் எத்தனைக்கு விற்றது என்று.

2021-ஐ அளவுகோலாக வைக்காதீர்கள்

கொரோனா காலத்தில் வெளியே போக முடியாமல், கையில் அரசு கொடுத்த உதவித்தொகையோடு, வட்டி அடிமட்டத்தில் இருந்தபோது சேகரிப்புப் பொருள் எல்லாமே ஏறியது. 2021 செப்டம்பரில் ஸ்பைடர்மேன் அறிமுகமான 1962-ன் அமேசிங் ஃபேன்டசி 15, 9.6 கிரேடில் 36 லட்சம் டாலருக்குப் போனது. 2011-ல் அதே கிரேடு 11 லட்சம். 2022-ல் வட்டி ஏறத் தொடங்கியதும் காற்று இறங்கியது, அதிகம் அடிபட்டவை புதிய இதழ்களும் 70-களுக்குப் பிந்தைய, எளிதாகக் கிடைக்கிற இதழ்களும்தான். ஆகவே 2021-லிருந்து கோடு போட்டால் எல்லாம் வீழ்ச்சி, 2020 தொடக்கத்திலிருந்து போட்டால் அதே இதழ் ஏற்றம். இரண்டையும் தவிர்த்து 2019 விலையை அடிப்படையாக வையுங்கள். முடிந்தால் 2015-ம்.

கணக்கு போடும் முறை

ஒரு இதழ், ஒரு கிரேடு, நீலச் சீட்டு மட்டும். கடந்த மூன்று மாத விற்பனைகளை ஏறுவரிசையில் எழுதி நடு எண்ணை எடுங்கள். சராசரி வேண்டாம், ஒருவர் ஆத்திரத்தில் ஏலத்தை ஏற்றிவிட்டால் சராசரி கெட்டுவிடும், நடு எண் அவ்வளவாக அசையாது. உதாரணத்துக்கு ஐந்து விற்பனைகள் 410, 430, 445, 460, 790 என்றால் நடு எண் 445, சராசரி 507. அந்த 790-ஐப் பார்த்துச் சந்தை 500-ஐத் தாண்டிவிட்டது என்று நினைத்து வாங்கினால் நஷ்டம் உங்களுக்கு. இதே மாதிரி ஒரு வருடம் முன்பு, 2019-ல் என்று நடு எண்களை எடுத்து வரிசையாக வையுங்கள். நீண்ட கால ஒப்பீட்டில் டாலரின் பணவீக்கத்தையும் கழியுங்கள், பத்து வருடத்தில் 20 சதவீதம் ஏறியது என்றால் அது உண்மையில் ஏற்றமே இல்லை.

விற்பனை எண்ணிக்கையையும் பக்கத்தில் எழுதுங்கள். முன்பு மாதம் பத்து விற்ற இதழ் இப்போது மூன்றுதான் விற்கிறது, ஆனால் விலை மாறவில்லை என்றால் விற்பவர்கள் இறங்கி வர மறுக்கிறார்கள் என்று அர்த்தம். பெரும்பாலும் விலை பிறகுதான் இறங்கும்.

அரிதான இதழுக்கு வருடத்துக்கு ஒரு விற்பனைகூட இருக்காது. அப்போது மற்ற கிரேடுகளின் விகிதத்தைப் பயன்படுத்தலாம். அதே காலத்து, அதே தரத்து இதழ்களில் 6.0 விலை 4.0 விலையைப்போல் ஒன்றரை மடங்கு இருக்கிறது என்றால், கிடைத்த 4.0 விற்பனையை ஒன்றரையால் பெருக்கி ஒரு மதிப்பு போடுங்கள். துல்லியமாக இருக்காது. அதனால் ஒரே எண்ணாகச் சொல்லாமல் மேலே கீழே 20 சதவீதம் விட்டு ஒரு வரம்பாக எழுதி வைப்பதுதான் நேர்மை.

வாங்கும் முன் ஸ்லாபில் உள்ள சான்றிதழ் எண்ணை சிஜிசி தளத்தில் போட்டுச் சரிபாருங்கள், படம் இருந்தால் அட்டையின் மடிப்பும் கறையும் உங்கள் கையில் இருக்கும் பிரதியோடு பொருந்துகிறதா என்று ஒப்பிடுங்கள், உறையைத் திறந்து உள்ளே இருப்பதை மாற்றி வைத்த மோசடிகள் நடந்திருக்கின்றன.

கடைசியாக, நீங்கள் விற்கும்போது கைக்கு வருவது எவ்வளவு என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். 445 டாலருக்கு வாங்குகிறீர்கள். விற்கும் தளத்தின் கட்டணம் 13 சதவீதம், பேக்கிங்கும் தபாலும் 20 டாலர் என்று வைத்தால், போட்ட பணம் திரும்ப வரவே அந்த இதழ் 535 டாலருக்குப் போக வேண்டும். அதாவது 20 சதவீத ஏற்றம். உங்கள் நடு எண்கள் வருடத்துக்கு 5 சதவீதம் ஏறுவதாகக் காட்டினால் நாலு வருடம் ஆகும், அதற்கு முன் விற்கும் எண்ணம் இருந்தால் அந்த இதழைப் படிக்கவும் வைத்துப் பார்க்கவும் பிடித்திருக்கிறதா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள்.